மேக்கத்தி வாத்தியார்

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டது 1801 நவம்பர் 16 அன்று. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 1-ஆம் தேதி, மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்சீமைக்கு ஒரு பிரகடனம் விடுத்தார். பாளையக்காரரோ சேர்வைக்காரரோ குடியானவரோ, யாராக இருந்தாலும் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, பழகவும் கூடாது. துப்பாக்கியோ ஈட்டியோ கையில் இருக்கப் பிடிபட்டால் மரண தண்டனை. கயத்தாற்றிலிருந்து கிழக்கே விளாத்திகுளம் வரைக்கும் வடக்கே சாத்தூர் வரைக்கும் விரிந்து கிடக்கும் இந்தக் கரிசல் பூமி, ஒரே கையெழுத்தில் நிராயுதபாணி ஆனது.

அந்தப் பிரகடனத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். பாளையங்களில் வாளும் வேலும் வீசக் கற்றுக்கொடுத்தவர்கள் இருந்திருப்பார்களே, அவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள்? தளபதிகளின் பெயர்கள் நமக்குத் தெரியும். வெள்ளையத் தேவனையும் சுந்தரலிங்கத்தையும் மக்கள் வாய்மொழி காப்பாற்றி வைத்திருக்கிறது. கட்டபொம்மனுக்குக் கயத்தாற்றில் சிலை இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் தமிழக அரசு நினைவுக் கோட்டை கட்டியது. அந்தப் படைக்குக் கால் வைக்கவும் கை ஓங்கவும் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயரை நான் கேட்ட எந்தப் பாட்டிலும் கேட்டதில்லை.

வாளும் வேலும் போன பிறகு மிஞ்சியது கம்பு. ஆடு மறிக்கிறவன், காட்டுக்குப் போகிறவன், ராக்காவல் இருக்கிறவன் எல்லோர் கையிலும் கம்பு இருக்கும். அதை எந்தச் சர்க்காராலும் பறித்துக் குவித்துவிட முடியாது. சிலம்பம் அந்தப் பிரகடனத்துக்கு முன்பே இருந்ததுதான். ஆனால் இந்த வட்டாரத்தில் அது இவ்வளவு ஊர்களில், இவ்வளவு பிடிவாதமாக ஊன்றி நின்றதற்கு 1801 ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். மற்றதெல்லாம் குற்றமான பிறகு அது ஒன்றுதான் விளையாட்டு என்ற பெயரில் பழகக்கூடியதாக இருந்தது. மேடைதோறும் சொல்லப்படுகிற ஐயாயிரம் வருஷக் கணக்கு எனக்குத் தேவைப்படவில்லை. இந்த இருநூறு வருஷத்துக்கே நாம் இன்னும் கணக்குக் கொடுக்கவில்லை.

இதே கதை அட்லாண்டிக்கின் மறுகரையிலும் நடந்திருக்கிறது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888-இல். இரண்டே வருஷத்தில், 1890-இல், அந்த நாட்டின் புதிய தண்டனைச் சட்டம் கபோயிராவைக் குற்றமாக்கியது. தெருவில் ஆடிப் பிடிபட்டால் இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் பாட்டும் தாளமும் கலந்து ஆடிய சண்டைக்கலை அது. வட்டமாக நின்று பாடுவார்கள்; நடுவில் இரண்டு பேர் ஆடுவார்கள்; எந்த அசைவு ஆட்டம், எந்த அசைவு அடி என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. அந்த வட்டத்தை நடத்துவது பெரிம்பாவ் என்கிற ஒற்றைக் கம்பி வில். வளைந்த கழியில் கம்பி இழுத்துக் கட்டி, கீழே சுரைக்குடுக்கை பொருத்தி, சிறு குச்சியால் தட்டுவார்கள். கோயில் கொடைகளில் வில்லும் குடமும் வைத்து விடிய விடியக் கதை கேட்ட நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வாத்தியத்தைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது.

கபோயிராவின் ஆசான்களை மெஸ்ட்ரே என்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரின் வாழ்க்கையை நம் வாத்தியார்களின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கரிசலில் வேலை மழையைப் பார்த்து நடக்கும். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் உளுந்தும் பாசியும் சோளமும் களத்துக்கு வரும். பங்குனி, சித்திரையில் ஊர் ஊராகப் பொங்கல் சாட்டுவார்கள். அதன் பிறகு ஆடி வரைக்கும் காடு வெடித்துக் கிடக்கும். இளவட்டங்களுக்கு வேலை இருக்காது. அந்த நாட்களில்தான் வாத்தியாரைக் கூட்டிவருவார்கள். வெற்றிலைபாக்கும் வேட்டியும் வைத்து அழைப்பது, வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு, சாவடியில் படுக்கை. பகலில் அவரும் யார் காட்டிலாவது வேலைக்குப் போவார். ராத்திரி நிலா வெளிச்சத்தில், நிலா இல்லாவிட்டால் அரிக்கேன் விளக்கில், பாடம் நடக்கும்.

கரிசல் மண்ணில் கால் பழக முடியாது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம். ஒரு மழை விழுந்தால் மண் பாதத்தில் அப்பிக்கொண்டு அடிக்கு அடி கனம் கூடும். கோடையில் பெருவிரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். அதனால் ஓடை மணலை வண்டியில் அள்ளிவந்து பரப்பி, தண்ணீர் தெளித்து, மிதித்துக் கெட்டிப்படுத்தி, அப்புறம்தான் களம். மூங்கிலும் இங்கே விளையாது. மேற்கே குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் மலையடியிலிருந்து வரவேண்டும். வந்த கழியைக் கணு பார்த்து எடுத்து, ஆள் நின்றால் நெற்றி உயரத்துக்கு அறுத்து, அனலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் ஊறவிட்டு வைப்பார்கள். மணல் ஓடையிலிருந்து, கழி மலையிலிருந்து, வாத்தியார் பெரும்பாலும் வேற்றூரிலிருந்து.

எட்டயபுரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அப்படிப் படித்து, பிறகு தானே வாத்தியாராகி, எண்பது வயது தாண்டிய ஒரு பெரியவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். காட்டு வேலை, ஆடு, பிறகு தீப்பெட்டி ஆபீஸ் என்று ஓடிய வாழ்க்கை. திண்ணைக்கு எதிரே பேரன் கம்பு சுற்றிக்காட்டினான். பள்ளிக்கூடத்தில் பழகுகிறவன். கம்பு கண்ணுக்குத் தெரியாமல் விசிறியது. காற்று விசில் அடித்தது. பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை. அவனுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலே, நிப்பாட்டு. பின்னங்கால் குதிங்கால எதுக்குத் தூக்குத?”

பையன் நின்றான். பெரியவர் திண்ணையைப் பிடித்து எழுந்து, அவன் அருகே போய், தன் கால் கட்டைவிரலால் தரையில் நாலு புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியாக அவனை மிதிக்கச் சொன்னார். கம்பு வேண்டாம், கையைக் கட்டிக்கொள். முன்னே, பின்னே, குறுக்கே, திரும்பு. நாலைந்து முறை ஆனதும், ஒரு திருப்பத்தில் பையனின் இடுப்பு தானாகவே பக்கவாட்டில் விலகியது. அந்த நொடியில் பெரியவர் கையிலிருந்த ஊன்றுகோல் அவன் விலா இருந்த இடத்துக்கு வந்து நின்றது. விலா அங்கே இல்லை.

“பாத்தியா? நீ ஒதுங்கல. காலு ஒதுக்கிவிட்டுருச்சு.”

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “கம்பப் பாத்தா அடி வாங்குவான். கண்ணப் பாத்தாலும் ஏமாந்துருவான், கண்ணு கள்ளம் பண்ணும். எதிராளி தோளப் பாக்கணும் தம்பி. தோளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

அவருடைய வாத்தியார் யார் என்று கேட்டேன். முகம் மலர்ந்தது. மேக்கத்தி வாத்தியார் என்றார். மேற்கே கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்; மூன்று கோடை தொடர்ந்து வந்தார்; வெறுங்கைச் சண்டையான குத்துவரிசையில் அவருக்கு ஈடு இந்தத் திக்கில் ஆள் கிடையாது; ஒரு தடவை கம்மாக்கரையில் நாலு பேர் மறித்தபோது தோளில் கிடந்த துண்டை மட்டும் வைத்துச் சமாளித்தார். இப்படி ஒரு மணி நேரம் பேசினார். அவர் பெயர் என்ன என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது.

“வாத்தியார் பேரச் சொல்லலாமா தம்பி? நாங்க யாருமே சொன்னது கிடையாது. வாத்தியார்னுதான் கூப்பிடுவோம். மேக்க இருந்து வந்ததால மேக்கத்தி வாத்தியார்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். சொல்லக் கூடாது என்று சொல்லாமலே இருந்து, இப்போது சொல்ல நினைத்தாலும் நினைவில் இல்லை. கூடப் படித்தவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. அவர் கண்கள் கலங்கியதைப் பார்த்துவிட்டு நான் வேறு பேச்சுக்குப் போனேன். விடைபெறும்போது, அவருடைய பெயரைப் போட்டு எழுதலாமா என்று அனுமதி கேட்டேன். “மொதல்ல அவரு பேரக் கண்டுபிடிச்சுப் போடுங்க. எம் பேரு அப்புறம் வரட்டும்” என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை.

மரியாதைக்காகச் சொல்லாமல் விட்ட பெயர், மரியாதை செய்தவர்களோடு சேர்ந்தே அழிந்துபோகிறது. நம் வாத்தியார்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுதான் என்று நினைக்கிறேன். வறுமையை இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

பாயியா மாநிலத்தின் சால்வதோர் நகரத்து மெஸ்ட்ரேக்களும் வறுமையில்தான் இருந்தார்கள். மானுவல் தோஸ் ரெய்ஸ் மஷாதோ என்பவரை உலகம் மெஸ்ட்ரே பிம்பா என்று அறியும். கரிமூட்டம் போட்டவர், தச்சு வேலை செய்தவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். 1932-இல் அவர் ஒரு கூடம் திறந்து, தெருவிலிருந்த கபோயிராவை நான்கு சுவருக்குள் கொண்டுவந்தார். பாடங்களை வரிசைப்படுத்தினார். வேலையில் இருப்பதற்கோ படிப்பதற்கோ சான்று காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார். பாடம் முடித்தவனுக்கு அரங்கேற்றம். கழுத்தில் பட்டுத் துணி. 1937-இல் அந்தப் பள்ளிக்கு மாநிலக் கல்வித்துறை அங்கீகாரம் கொடுத்தது. குற்றப்பட்டியலில் இருந்த கலை உடற்கல்வி ஆனது. 1953-இல் அதிபர் ஜெதூலியோ வர்காஸ் முன்னால் பிம்பாவும் மாணவர்களும் ஆடிக்காட்டினார்கள். இத்தனைக்கும் பிறகு, சொந்த ஊர் தன்னைக் கைவிட்டது என்ற வருத்தத்தோடு 1973-இல் கோயானியா நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கொடுத்த வாக்குறுதிகளும் நிறைவேறவில்லை. 1974 பிப்ரவரியில் இறந்துபோனார். பாயியாவின் மத்தியப் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மற்றவர் விசென்தே பாஸ்தீன்யா. 1889-இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது தன்னைவிடப் பெரிய பையன் ஒருவனிடம் தினமும் அடிவாங்கிக்கொண்டிருந்தார். அதை வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் உள்ளே கூப்பிட்டு, இங்கே வா, உனக்கு வேறொன்று சொல்லித்தருகிறேன் என்று ஆரம்பித்தார். அந்தக் கிழவர் அங்கோலாவிலிருந்து வந்தவர், பெயர் பெனெதீத்தோ. வாழ்நாள் முழுக்க பாஸ்தீன்யா இந்தக் கதையைச் சொன்னார். சொன்ன ஒவ்வொரு தடவையும் பெனெதீத்தோ பெயரையும் சொன்னார். அதனால்தான் நூற்றிருபது வருஷத்துக்குப் பிறகு கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு நான் அந்தக் கிழவரின் பெயரை எழுத முடிகிறது. கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்தவரின் பெயரை எழுத முடியவில்லை.

பாஸ்தீன்யா 1941-இல் தன் பள்ளியை நிறுவினார். கபோயிரா அங்கோலா எனப்படும் பழைய முறையை, அதன் நிதானத்தோடும் தந்திரத்தோடும் பாட்டோடும் காப்பாற்றியவர் என்று அவரைச் சொல்வார்கள். 1964-இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1966-இல் செனகலின் டக்கார் நகரில் நடந்த கறுப்பினக் கலை விழாவுக்கு பிரேசில் அவரை அனுப்பியது. அப்போதே பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. 1971-இல், புதுப்பிக்கப் போகிறோம் என்று சொல்லி, சால்வதோரின் பெலோரின்யோ பகுதியில் அவர் பள்ளி இருந்த கட்டடத்திலிருந்து வெளியேற்றினார்கள். கட்டடம் பிறகு உணவகமானது. பார்வை முழுக்கப் போய், ஆதரவற்ற முதியவராக 1981 நவம்பரில் இறந்தார்.

இரண்டு பேருடைய முடிவும் மனசை அறுக்கிறது. ஆனால் அவர்கள் பெயர் அழியவில்லை. நாவலாசிரியர் ஜோர்ஜி அமாடோ தன் எழுத்தில் பாஸ்தீன்யாவைக் கொண்டுவந்தார். 1940-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க மொழியியலாளர் லொரன்சோ டர்னர் பாயியாவுக்குப் போய் பிம்பாவின் பாட்டையும் வில்லிசையையும் ஒலிப்பதிவு செய்தார். எல்லாவற்றுக்கும் மேலாக மாணவர்கள் இருந்தார்கள். கபோயிரா அங்கோலா வட்டத்தில் ஆட்டம் தொடங்குமுன் பாட்டு வரும். அதில் ஆசானுக்கு வாழ்த்துச் சொல்வார்கள். வட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். அந்த முறை பெர்லினிலும் டோக்கியோவிலும்கூட மாறவில்லை. பாஸ்தீன்யாவின் மாணவர் ஜோவாவ் கிராண்டி ஒரு கட்டத்தில் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவர். பின்னாளில் நியூயார்க்கில் பள்ளி நடத்தினார். 2001-இல் அமெரிக்க அரசின் பாரம்பரியக் கலைஞர் விருதைப் பெற்றார். அவர் பள்ளிக்குள் நுழைகிறவன் முதலில் கற்றுக்கொள்வது பாஸ்தீன்யாவின் பெயரை.

நம் களத்திலும் வணக்கம் உண்டு. மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, வாத்தியாரைக் கும்பிட்டு, சபையைக் கும்பிட்டுத்தான் கம்பு எடுப்பார்கள். கும்பிடும்போது வாயைத் திறந்து பெயர் சொல்லும் வழக்கம் மட்டும் இல்லை.

வாத்தியார்கள் ஒரு அடியை ஒளித்துவைத்துக்கொண்டு செத்துப்போனார்கள், அதனால்தான் கலை தேய்ந்தது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. நான் அதை அப்படியே ஏற்பதில்லை. வர்மத்தோடு சேர்ந்த அடிகளை, கோபக்காரப் பையன் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க எந்த வாத்தியாராலும் முடியாது. ஒரு கோடைக்குள் ஒருவனின் குணம் தெரியாது. ஐந்தாறு வருஷம் பக்கத்தில் இருந்தால்தான் கடைசிப் பாடத்துக்கு அவன் தகுதியா என்று தெரியும். மில்லுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வளைகுடா நாட்டுக்கும் பிள்ளைகள் போய்விட்ட காலத்தில் அந்த ஐந்தாறு வருஷம் யாரிடம் இருந்தது? ஒளித்தார்கள் என்பதைவிட, வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் கையிலேயே தங்கிவிட்டது என்பதுதான் உண்மைக்குப் பக்கம்.

களம் எல்லோருக்கும் திறந்திருந்ததும் இல்லை. இதைச் சொல்லாமல் இந்தக் கலையின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது. தெருவுக்குத் தெரு தனிக் களம். ஒரு சாதிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையை இன்னொரு சாதிக்குச் சொல்லித்தரக் கூடாது என்று வாத்தியாரிடம் வாக்கு வாங்கிய ஊர்கள் உண்டு என்று அந்தப் பெரியவரே சொன்னார். குற்றப் பரம்பரைச் சட்டம் மெட்ராஸ் மாகாணத்தில் 1947-இல் நீக்கப்படும் வரை, சில சாதிகளில் பிறந்தவன் ராத்திரி கம்போடு நிற்பதே ஆபத்து. பிறகு தொண்ணூறுகளில் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரங்கள் மூண்டன. 1995-இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து செய்த சேதம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அந்த வருஷங்களில் எந்த ஊரில் கம்பு பழகினாலும் பக்கத்து ஊருக்குச் சந்தேகம், போலீசுக்குச் சந்தேகம். மணல் பரப்பிய களங்கள் பல அப்போது மூடின, திரும்பத் திறக்கவில்லை. பல வாத்தியார்கள் கம்பைப் பரணில் போட்டது அப்போதுதான்.

இதே கரிசலில் இன்னொரு கலை வேறு விதமாகப் பிழைத்தது. தேவராட்டம் ராஜகம்பளத்து நாயக்கர்களின் ஆட்டம். கட்டபொம்மன் பிறந்த சமூகம். பாட்டு கிடையாது. தேவதுந்துமி என்கிற தோல்கருவியின் தாளத்துக்கு, கையில் துணி பிடித்து வரிசையாக ஆடுவார்கள். படை திரும்பி வந்த சந்தோஷத்தில் ஆடியது என்று சொல்வார்கள். வீட்டு விசேஷத்திலும் கோயிலிலும் மட்டும் ஆடப்பட்டுவந்த அதை, தூத்துக்குடி மாவட்டம் ஜமீன் கோடாங்கிபட்டியின் குமாரராமன் வெளியுலகத்துக்கு எடுத்துவந்தார். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் அவரைத் தேடிப் போனார்கள், அடவுகளைக் குறித்துக்கொண்டார்கள், கல்லூரி மாணவர்கள் அவரிடம் கற்றார்கள். இன்று பள்ளி ஆண்டுவிழாவில் பெண் பிள்ளைகள் தேவராட்டம் ஆடுகிறார்கள். மண் ஒன்று, வெயில் ஒன்று. ஒரு கலைக்கு அதன் ஆசானோடு சேர்த்துத் தேடிப் போக ஆள் இருந்தது. பக்கத்து ஊர்க் கம்பு வாத்தியாரைத் தேடி யாரும் போகவில்லை.

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம் என்பதை நான் மறுக்கவில்லை, மனமாரச் சந்தோஷப்படுகிறேன். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இட ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கோவில்பட்டியில் சனி, ஞாயிறு காலைகளில் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் கம்போடு நிற்கிறார்கள். பாதிக்குமேல் பெண் பிள்ளைகள் நிற்கிற மைதானங்களும் உண்டு. பழைய களத்தில் அவர்களுக்கு இடமே இருந்ததில்லை. அந்த ஒன்றுக்காகவே இந்தப் புதுக் காலத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து, மணிக்கணக்கில் கம்பு சுற்றவைத்து, உலக சாதனை என்று சான்றிதழ் கொடுக்கிற நிகழ்ச்சிகள் எனக்கு வருத்தமாக இருக்கின்றன. அங்கே கை சுற்றுகிறது. கால் நட்ட இடத்தில் நிற்கிறது. கால் பாடம் இல்லாத சிலம்பம் சிலம்பம் ஆகாது. போட்டி விதிகளில் கம்பு எதிராளியின் உடம்பைத் தொட்டால் புள்ளி. வேகமாக எட்டித் தொடுகிறவன் ஜெயிக்கிறான். தோளைப் பார்த்து, காலை மாற்றி, அடியைக் காற்றில் விட்டுவிட்டு நிற்கிற அழகுக்குப் புள்ளி கிடையாது. அந்த அழகைச் சொல்லித்தரத் தெரிந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பயிற்சியாளர் ஆவதற்குச் சான்றிதழ் வேண்டும், அவர்களிடம் இல்லை. நலிந்த கலைஞர் உதவித்தொகைக்குப் போனால் கலைஞர் என்பதற்கு ஆதாரம் வேண்டும், அதுவும் இல்லை. விளையாட்டுக்காரர் என்றால் வயதாகிவிட்டது, கலைஞர் என்றால் மேடை ஏறிய போட்டோ இல்லை. எண்பது வயதில் ஊன்றுகோலை விலா எலும்புக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தத் தெரிந்த ஒருவர், தான் யார் என்பதற்குக் காகிதம் தேடிக்கொண்டிருக்கிறார்.

பிரேசிலிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. 2014-இல் யுனெஸ்கோ கபோயிரா வட்டத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்ததைப் பலரும் அறிவார்கள். அதற்கு ஆறு வருஷம் முன்பே, 2008-இல், பிரேசிலின் தேசிய மரபுச் செல்வ நிறுவனம் இரண்டு பதிவுகளைச் செய்தது. ஆடுகிற வட்டம் ஒரு பதிவு. மெஸ்ட்ரேயின் தொழில் தனியாக இன்னொரு பதிவு. ஆட்டத்தை அங்கீகரித்தால் ஆசானையும் அங்கீகரித்ததாகிவிடும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. பாஸ்தீன்யாவைத் தெருவில் விட்ட ஊருக்கு அது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவினால் எல்லா மெஸ்ட்ரேக்களின் பசியும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கிழவருக்குள் இருப்பது ஒரு நாட்டின் சொத்து என்று அரசுத் தாளில் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் சிலம்பத்துக்கு அப்படி இரண்டாவது பதிவு ஒன்று வேண்டும். மாவட்டவாரியாக, எழுபது வயதைத் தாண்டிய வாத்தியார்களைத் தேடிப் போய், சான்றிதழ் கேட்காமல், கம்பைக் கையில் கொடுத்துப் பார்த்து, பதிவு செய்ய வேண்டும். வருகிற காகிதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வைக்கிற காலைப் பார்க்கத் தெரிந்த ஆட்களை இதற்கு அனுப்ப வேண்டும்.

அரசு வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. இடைசெவலில் ஒரு விவசாயி தன் ஊர்ப் பேச்சைச் சொல் சொல்லாகப் பொறுக்கி, 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியாகக் கொண்டுவந்தார். கி. ராஜநாராயணனுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. அவர் கடிதம் போட்டுக் கேட்டார். நண்பர்கள் சொற்களை அனுப்பினார்கள். வாத்தியார்களின் பெயர்களையும் அப்படித்தான் சேர்க்க முடியும்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் என் வேண்டுகோள். கோவில்பட்டி, கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர்ப் பக்கம் உங்களுக்கு ஊர் இருந்தால், அங்கே கம்பு சொல்லிக்கொடுத்தவர் பெயரை, எந்தத் தெருவில் எந்த வருஷம் சொல்லிக்கொடுத்தார், அவருக்கு வாத்தியார் யார், பிழைப்புக்கு என்ன வேலை பார்த்தார் என்பதைக் கேட்டு எழுதுங்கள். எந்தச் சாதியானாலும் எழுதுங்கள். உயிரோடு இருக்கிறவர் என்றால் அவர் சம்மதம் வாங்கிக்கொண்டு, கையில் உள்ள செல்போனில் அவருடைய காலை மட்டுமாவது படம் பிடியுங்கள். பெயர் சொல்லத் தயங்குவார்கள். எதற்காகக் கேட்கிறோம் என்பதை விளக்குங்கள். எழுதியதை இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினாலும் சரி, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சரி. கழுகுமலைப் பக்கத்திலிருந்து கோடைகளில் கிழக்கே நடந்துபோய்க் குத்துவரிசை சொல்லிக்கொடுத்த ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தாரென்றால், அவர் பெயரை முதலில் அனுப்புங்கள். எட்டயபுரத்துக்குக் கிழக்கே ஒரு மாணவர் அதற்காகக் காத்திருக்கிறார்.